கிட்ஹப்பை விட்டு வெளியேறலாமா? ஒரு சொல்திருத்திக் குழுவுக்குப் பதில்

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் நான்கு தமிழர்கள் சனி ஞாயிறுகளில் ஒரு தமிழ்ச் சொல்திருத்தி எழுதி வருகிறார்கள். நிரல், இஷ்யூ பட்டியல் (பயனர்கள் பிழைகளையும் யோசனைகளையும் எழுதி விவாதிக்கும் இடம்), ஆவணப் பக்கம், டெஸ்ட், வெளியீடு எல்லாமே கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தில். நால்வரில் ஒருவர் 500டி பஸ்ஸில் போனைத் தொலைத்துவிட்டார். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு அந்தப் போனில்தான். ரெக்கவரி கோடு எங்கேயும் எழுதி வைக்கவில்லை. திட்டத்தின் ஒரே ஓனரும் அவர்தான். வீட்டில் இருந்த பழைய லேப்டாப்பில் லாகின் அணையாமல் இருந்ததால் தப்பித்தார்கள். "ஒரு கம்பெனியின் தளத்தை இவ்வளவு நம்பலாமா? சொந்த சர்வருக்குப் போவதா, அதே மாதிரி இன்னொரு தளமான கோட்பெர்க்குக்கு மாறுவதா?" என்று கேட்கிறார்கள்.

என் பதில்: இப்போதைக்கு எங்கேயும் போக வேண்டாம். ஆனால் நினைத்தால் ஒரே வாரத்தில் கிளம்பிவிடக்கூடிய நிலையில் இருங்கள். இன்று நீங்கள் அந்த நிலையில் இல்லை. அதற்குக் காரணம் கிட்ஹப் அல்ல.

முதலில் நிரலைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். கிட்ஹப்புக்கு அடியில் இருப்பது, நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவி. அது பிறந்த கதையே இப்படி ஒரு சார்பில் மாட்டிக்கொண்ட கதைதான். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதும் குழு 2002 முதல் பிட்கீப்பர் என்ற தனியுரிமைக் கருவியைக் காசில்லாமல் பயன்படுத்தி வந்தது. 2005 ஏப்ரலில் அந்தச் சலுகை போனது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சில நாட்களில் கிட்டின் முதல் வடிவத்தை எழுதினார். அதே ஜூனில் கெர்னல் 2.6.12 கிட்டிலிருந்தே வெளிவந்தது. குளோன் செய்கிற, அதாவது பிரதி எடுக்கிற, ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கும்படி அதை அமைத்தது தற்செயல் இல்லை.

2011இல் அதற்குச் சோதனை வந்தது. கெர்னல் நிரல் இருக்கும் கெர்னல்.ஆர்க் தளத்தின் சர்வர்களில் யாரோ ஊடுருவியது ஆகஸ்டில் தெரிய வந்து, தளத்தையே பல வாரம் மூடி வைத்தார்கள். செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் தன் நிரல் தொகுப்பைத் தற்காலிகமாக கிட்ஹப்பில் ஏற்றி வேலையைத் தொடர்ந்தார். ஒவ்வொரு கமிட்டின் (பதிந்த மாற்றத்தின்) ஹாஷும், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணும், அதற்கு முந்தைய கமிட்டைச் சார்ந்தது. அதனால் நடுவில் எவனாவது ஒரு வரியை மாற்றியிருந்தால், உலகம் முழுக்க இருக்கும் பிரதிகளோடு ஒப்பிட்ட உடனே குட்டு வெளிப்பட்டிருக்கும். சொந்த சர்வர் என்றால் பாதுகாப்பு, கம்பெனித் தளம் என்றால் ஆபத்து என்று பிரிப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு விழுந்தது சொந்த சர்வர், ஒதுங்க இடம் கொடுத்தது கம்பெனித் தளம்.

உங்கள் நால்வரின் லேப்டாப்பிலும் முழு வரலாறு இருக்கிறது. கிட்ஹப் நாளைக் காலையே மறைந்தாலும் நிரலில் ஒரு வரிகூடப் போகாது. போவதெல்லாம் வேறு.

எது போகும் என்பதற்கு கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேபில் நடந்த சம்பவத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2017 ஜனவரி 31 இரவு, டேட்டாபேஸ் பிரச்சினை ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர் தவறான சர்வரில் ஒரு டைரக்டரியை அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப் ஐந்து விதமாக வைத்திருந்தும் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன்பு யாரோ எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. மீட்கும் வேலையை யூட்யூபில் நேரலையாகவே காட்டினார்கள், அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். கிட் ரெப்போக்களுக்கு (நிரலும் அதன் வரலாறும் இருக்கும் தொகுப்புகளுக்கு) ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆறு மணி நேரத்தில் டேட்டாபேஸில் எழுதப்பட்டவைதான் போயின: 5,000 திட்டங்கள் வரை பாதிப்பு, அதே அளவு கமென்ட்டுகள், 700 புதிய கணக்குகள். நிரல் கிட்டில் இருக்கிறது, பேச்சு டேட்டாபேஸில் இருக்கிறது. குளோன் செய்தால் முதலாவது மட்டும்தான் உங்களிடம் வரும்.

இது உங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிய உங்கள் ரெப்போவையே திறந்து பார்த்தேன். சொல்லின் முதலில் ஒ, அதையடுத்து ள வந்தால் அதை ஔ என்று மாற்றும் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அதற்குள்ளேயே விதிவிலக்குப் பட்டியல் ஒன்று. மேலே ஒரே ஒரு கமென்ட் வரி: "இஷ்யூ 47 பார்க்கவும்." அவ்வளவுதான். கமிட் செய்தியிலும் "47 சரி செய்யப்பட்டது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

47க்குப் போனால் அங்கே ஒரு பாடமே நடந்திருக்கிறது. ஒரு பள்ளி ஆசிரியை, "ஔவையார் என்று சரியாகத்தான் அடித்திருக்கிறேன், உங்கள் கருவி சிவப்புக் கோடு போடுகிறது" என்று எழுதியிருக்கிறார். அவர் அடித்தது ஒ, பிறகு ள. திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். யூனிகோடில் ஔ தனிக் குறியீடு. ஒ எழுத்தையும் ஔகார நீட்டல் குறியையும் சேர்த்து எழுதினால் நார்மலைசேஷன் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் முறை) அதை ஔ ஆக்கிவிடும். நீட்டல் குறிக்குப் பதில் ள அடித்திருந்தால் நார்மலைசேஷன் தொடாது, அதன் கண்ணுக்கு அது உண்மையான ளகரம். சரி, நாமே மாற்றிவிடலாம் என்று உங்களில் ஒருவர் மாற்றியிருக்கிறார். மறுநாளே இன்னொருவர் வந்து, ஒளி, ஒளிவு, ஒளடதம் மூன்றையும் வைத்துச் சண்டை போட்டிருக்கிறார். முதல் இரண்டையும் தொடக்கூடாது, மூன்றாவதை மாற்றியே ஆக வேண்டும். எப்படிப் பிரிப்பது? ளகரத்தை அடுத்து உயிர்க்குறி வந்தால் விட்டுவிடு, அகரமேறிய ளகரமாக இருந்தால் மட்டும் பட்டியலைப் பார் என்று முடிவாகியிருக்கிறது. நிராகரித்த இரண்டு யோசனைகளும், ஏன் நிராகரித்தீர்கள் என்பதும் அங்கே மட்டும்தான் இருக்கின்றன.

இந்த இஷ்யூ இல்லாமல் ஐந்து வருடம் கழித்து ஒரு கல்லூரி மாணவர் அந்த ஃபங்ஷனைப் பார்த்தால் என்ன செய்வார்? "இது எதற்கு இவ்வளவு குழப்பமாக, நார்மலைசேஷன்தான் இருக்கிறதே" என்று அழித்துவிட்டு ஒரு புல் ரிக்வெஸ்ட் (தன் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை) அனுப்புவார். பார்க்கச் சுத்தமாகவும் இருக்கும். நீங்களே மெர்ஜ் செய்துவிடுவீர்கள்.

ஆகவே முதல் மருந்து பேக்கப் அல்ல, பழக்கம். எந்த முடிவானாலும் காரணத்தை நான்கு வரியில் கமிட் செய்தியிலேயே எழுதுங்கள். பெரிய முடிவுகளுக்கு ரெப்போவுக்குள் ஒரு ஃபோல்டர் வைத்து, முடிவுக்கு ஒரு கோப்பு என்று போடுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், உங்கள் வாசகர்கள் தமிழர்கள்தானே. அப்புறம் பேக்கப்: கிட்ஹப்பின் ஏபிஐ (நிரல்கள் தளத்தோடு பேசும் வாசல்) வழியாக எல்லா இஷ்யூவையும் கமென்ட்டையும் ஜேசான் கோப்புகளாக இறக்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை வாராவாரம் ஓட விடுங்கள். விக்கிக்குத் தனி வழி வேண்டாம், கிட்ஹப் விக்கி என்பது உள்ளே ஒரு தனி கிட் ரெப்போதான், அப்படியே குளோன் ஆகும்.

ரெப்போவுக்கு மிரர் குளோன் எடுங்கள், எல்லாக் கிளைகளும் டேகுகளும் வரும். பெரிய கோப்புகளை எல்எஃப்எஸ் என்ற தனிக் கிடங்கில் வைத்திருந்தால் அவை மிரரில் வராது, தனியாக இழுக்க வேண்டும். சொற்பட்டியலை அங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். மிரர் மட்டும் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். மூல ரெப்போவில் யாராவது ஃபோர்ஸ் புஷ் செய்தால், அதாவது பழைய வரலாற்றின் மேலேயே மாற்றி எழுதினால், மிரரும் மறுநாள் சமர்த்தாக அதையே பின்பற்றும். மாதம் ஒரு கிட் பண்டில் (முழு ரெப்போவும் ஒரே கோப்பாக), தேதி போட்டு எங்காவது கிடக்கட்டும்.

தளங்கள் மூடுவது பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். நடந்ததைப் பார்த்தால் பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் அவகாசம் கொடுத்துத்தான் மூடியிருக்கின்றன. கூகுள் கோட் 2015 மார்ச்சில் அறிவித்தது, 2016 ஜனவரியில் மூடியது. மைக்ரோசாஃப்டின் கோட்பிளெக்ஸ் 2017 மார்ச்சில் சொல்லி அதே டிசம்பரில் மூடியது. கிட்டோரியஸை 2015இல் கிட்லேப் வாங்கியது, சில மாதத்தில் முடிந்தது. பிட்பக்கெட் 2019 ஆகஸ்டில், கிட் போன்ற இன்னொரு கருவியான மெர்க்குரியலுக்கான ஆதரவை நிறுத்தப் போவதாகச் சொல்லி 2020இல் அந்த ரெப்போக்களை எடுத்தது. அறிவிப்பைப் படிக்க ஆள் இருந்த திட்டங்களுக்குப் பாதகமில்லை. எழுதியவர் வேறு வேலைக்குப் போய், மின்னஞ்சலும் மாறி, ஆனால் இன்னும் பத்துப் பேர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் திட்டங்கள்தான் அடிபட்டன. மெர்க்குரியல் ரெப்போக்களில் இரண்டரை லட்சம் அளவில் சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் என்ற காப்பகம் வாரி எடுத்துக்கொண்டதால் பிழைத்தன. பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனம் 2016இல் தொடங்கியது அது. உங்கள் ரெப்போ முகவரியை அங்கே கொடுத்தால் சேமித்துக்கொள்ளும், கணக்குகூட வேண்டாம். இதைப் படித்து முடிப்பதற்குள் செய்துவிடலாம்.

மூடுவதைவிட மோசமானது, மூடாமல் கெட்டுப் போவது. சோர்ஸ்ஃபோர்ஜ் 1999இல் வந்தபோது கட்டற்ற மென்பொருளின் தலைநகர் அதுதான். 2013இல் இன்ஸ்டாலரோடு விளம்பர மென்பொருளைக் கட்டிக் கொடுக்கும் திட்டம் வந்தது. அதைப் பார்த்து கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளின் குழு அந்த ஆண்டே விண்டோஸ் பதிப்பை அங்கிருந்து எடுத்துக்கொண்டது. 2015இல் பார்த்தால், கைவிட்ட பக்கத்தைத் தளமே எடுத்து நடத்தி, விளம்பரம் சேர்த்த இன்ஸ்டாலரை கிம்ப் பெயரிலேயே கொடுத்துக்கொண்டிருந்தது. பெரிய ரகளை ஆனது. 2016இல் தளம் கைமாறிய பிறகு புதிய உரிமையாளர்கள் அந்தப் பழக்கத்தை நிறுத்தினார்கள். இதில் உங்களுக்கான பாடம் விளம்பரம் பற்றியது அல்ல. கிம்ப் வெளியேறிவிட்டது, ஆனால் மக்கள் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தார்கள். வெளியேறியவர் கையில் முகவரி இல்லை.

உங்கள் ஆவணப் பக்கம், டவுன்லோடு இணைப்பு, உலாவி நீட்சிக்குள் எழுதியிருக்கும் யூஆர்எல் எல்லாமே கிட்ஹப் பெயரில் தொடங்குகின்றன. ஒரு டொமைன் வாங்குங்கள். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். பக்கம் கிட்ஹப் பேஜஸிலேயே இருக்கட்டும், முகவரி மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். ஏர்டெல்லிலிருந்து ஜியோவுக்குப் போர்ட் செய்தால் நம்பர் மாறாமல் இருப்பது போலத்தான். பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பயனருக்குத் தெரியவே வேண்டாம்.

இதை நம் ஊர்க்காரர்களுக்குக் கூடுதலாக அழுத்திச் சொல்வேன், காரணம் இருக்கிறது. 2014 டிசம்பர் கடைசியில் தொலைத்தொடர்புத் துறை ஐ.டி. சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் 32 தளங்களை முடக்கச் சொன்னது. அதில் கிட்ஹப்பும் இருந்தது, ஐஎஸ்ஐஎஸ் தொடர்பான உள்ளடக்கம் என்று காரணம் சொன்னார்கள். பெங்களூர் மாதிரி ஊரில் புத்தாண்டுக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு கிட்ஹப் திறக்கவில்லை என்றால் எப்படி இருந்திருக்கும்! சில நாளில் தடை விலகியது. அதற்குப் பிறகும் கிட்ஹப்பின் கச்சாக் கோப்புகளைத் தரும் தனி டொமைன் இந்தியாவில் சில இணைய நிறுவனங்களின் இணைப்பில் திறக்காமல் போனதுண்டு. உங்கள் நீட்சி சொற்பட்டியலை நேரடியாக அந்த டொமைனிலிருந்துதான் இழுக்கிறது. "எனக்கு மட்டும் சொற்பட்டியல் வரவில்லை, ஆபீசில் வருகிறது, வீட்டில் வரவில்லை" என்று மூன்று இஷ்யூக்கள் திறந்தே கிடக்கின்றன. நிரலில் தேடினால் கிடைக்காத வழு அது. பட்டியலை நீட்சியோடு சேர்த்தே கொடுங்கள், அப்டேட்டை உங்கள் டொமைன் வழியாக அனுப்புங்கள்.

இனி சாவி விவகாரம். போன் தொலைந்தது உங்கள் கதையில் சின்ன விஷயம், ஒரே ஓனர் என்பதுதான் பெரிய விஷயம். இன்றே இரண்டாவது ஓனரைச் சேருங்கள், ரெக்கவரி கோடுகளைத் தாளில் அச்சடித்து வெவ்வேறு வீட்டில் வையுங்கள். பைப்பிஐயில் (பைத்தான் மென்பொருள்களின் பொதுக் கிடங்கில்) வெளியிடும் உரிமையையும் கிட்ஹப்பில் தானாக ஓடும் வொர்க்ஃப்ளோவோடு இணைத்து வைத்திருக்கிறீர்கள். வசதியானது, டோக்கன் திருடு போகும் பயமில்லை, நானும் அதைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனால் கணக்கு முடங்கினால் வெளியீடும் அதோடு முடங்கும். அதனால் பைப்பிஐயிலும் இரண்டு ஓனர் இருக்கட்டும்.

கணக்கு முடங்க நீங்கள் தப்பு செய்திருக்கவே வேண்டியதில்லை. 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) இருப்பது வெளியானதும், கிட்ஹப் அந்த ரெப்போவையே முடக்கியது. பல வருடம் அதைப் பராமரித்து வந்த லாஸ்ஸே காலினின் கணக்கும் சேர்ந்து நிறுத்தப்பட்டது, வஞ்சிக்கப்பட்டவரே அவர்தான். பரவாமல் தடுக்க எடுத்த முடிவு, புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் என்ன நடந்தது என்று தோண்டிப் பார்க்க வந்தவர்களுக்கு, பழைய விவாதங்களெல்லாம் மிகவும் தேவைப்பட்ட அந்த நேரத்தில் கதவு மூடியிருந்தது. காலின் தன் சொந்தத் தளத்திலும் ஒரு கிட் பிரதி வைத்திருந்தார். விளக்கம் எழுதவும், நிரலைத் தொடர்ந்து காட்டவும் அது உதவியது. பிறகு கணக்கும் ரெப்போவும் திரும்பக் கிடைத்தன. 2020 அக்டோபரில் யூட்யூப் வீடியோக்களை இறக்கும் யூட்யூப்-டிஎல் திட்டமும் அமெரிக்க இசை நிறுவனங்களின் சங்கம் அனுப்பிய நோட்டீசால் முடக்கப்பட்டு, நவம்பரில் திரும்பியது.

சொந்த சர்வர் பற்றி: வேண்டாம். ஆர்வம் புரிகிறது. மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுத்து ஃபோர்ஜெஜோ (கிட்ஹப் மாதிரி தளம் நடத்த உதவும் மென்பொருள்) போடுவது ஒரு மாலை வேலைதான். அதற்குப் பிறகு வரும் எல்லா மாலைகளும் யாருடையவை என்பதுதான் கேள்வி. செக்யூரிட்டி பேட்ச், டிஸ்க் நிரம்புவது, ஸ்பேம் கணக்குகள். இப்போது இதோடு ஏஐ கம்பெனிகளின் கிராலர்களும் (பக்கங்களைத் தானாக வாரி எடுக்கும் நிரல்களும்) சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு கோப்பின் ஒவ்வொரு பழைய வடிவத்தையும், எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் பிளேம் பக்கத்தையும் விடாமல் கேட்டு, சின்ன சர்வரைப் படுக்க வைத்துவிடும். 2025இல் சோர்ஸ்ஹட் என்ற நிரல் தளம் இதைப் பற்றி வெளிப்படையாகவே புலம்பியது. லினக்ஸ் டெஸ்க்டாப் திட்டமான க்னோம், சொந்தமாக நடத்தும் தன் கிட்லேபுக்கு முன்னால் அனுபிஸ் என்ற காவலை நிறுத்த வேண்டியதாயிற்று. க்னோம், கேடிஇ, டெபியன் எல்லாம் சொந்தமாக நடத்துகின்றன என்று சொல்வார்கள், உண்மைதான். அவர்களிடம் அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், ஸ்பான்சர் இருக்கிறார்கள். லினக்ஸ் டெஸ்க்டாப் மென்பொருள்களுக்கு இடம் தரும் ஃப்ரீடெஸ்க்டாப்.ஆர்குக்கு அந்த ஸ்பான்சரே ஆபத்தானார்: சர்வர் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி அந்தத் தொழிலையே நிறுத்த, 2025இல் புதிய இடம் தேடி அலைந்தார்கள். வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி வைத்து நடத்தலாம் என்ற யோசனையை, பெஸ்காம் கரண்ட் கட் செய்யும் ஒரு மழைநாளுக்குப் பிறகு மறுபடி பேசுவோம்.

கோட்பெர்க் வேறு விஷயம். பெர்லினில் பதிவான லாப நோக்கமற்ற சங்கம், உறுப்பினர் சந்தாவிலும் நன்கொடையிலும் ஓடுகிறது, ஃபோர்ஜெஜோ மென்பொருளில் இயங்குகிறது. 2025 நவம்பரில் ஸிக் என்ற நிரல் மொழியின் திட்டம் கிட்ஹப்பை விட்டு அங்கே போனது. ஸிக் எங்கே போனாலும் பங்களிப்பவர்கள் பின்னாலேயே போவார்கள். உங்களுக்கு இஷ்யூ எழுதுபவர்கள் ஆசிரியர்கள், முதல் புல் ரிக்வெஸ்ட் போடும் மாணவர்கள். அவர்களிடம் கிட்ஹப் கணக்கு மட்டும்தான் இருக்கிறது, இன்னொன்று திறக்கச் சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள். இது நல்ல நிலைமை என்று நான் சொல்லவில்லை, நிலைமை அதுதான். கோட்பெர்க்கில் ஒரு பிரதி வைத்து, ஒவ்வொரு புஷ்ஷும் இரண்டு இடத்துக்கும் போகும்படி ரிமோட்டை (கிட் அனுப்பும் முகவரியை) அமையுங்கள். ஏஐ பயிற்சிக்கு நம் நிரலை எடுக்கிறார்களே என்ற கோபத்தில் கிளம்பச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பொதுவில் இருக்கும் நிரலை எந்தத் தளத்திலிருந்தும் எடுக்கலாம். அந்தச் சண்டை உரிமத்திலும் நீதிமன்றத்திலும் நடக்க வேண்டியது.

தானியங்கி டெஸ்ட் மட்டும் மிச்சம். 2020 நவம்பரில் டெஸ்ட்டைத் தானாக ஓட்டித் தரும் டிராவிஸ் சிஐ சேவை இலவசச் சலுகையைச் சுருக்கியபோது ஏராளமான திட்டங்கள் அவசர அவசரமாக யாமல் கோப்பை (டெஸ்ட் எப்படி ஓட வேண்டும் என்று எழுதிய அமைப்புக் கோப்பை) மாற்றி எழுதின. உங்கள் கட்டளைகள் எல்லாம் இப்போது கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் யாமலுக்குள் கிடக்கின்றன. அவற்றை ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டுக்கு மாற்றுங்கள், யாமல் அந்த ஸ்கிரிப்ட்டைக் கூப்பிட்டால் போதும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு ஒத்திகை பாருங்கள். ஃபோர்ஜெஜோவில் இருக்கும் மைக்ரேஷன் வசதி இஷ்யூ, கமென்ட், லேபிள், புல் ரிக்வெஸ்ட், வெளியீடு எல்லாவற்றையும் கிட்ஹப்பிலிருந்து இழுத்துக்கொள்ளும். யாராவது ஒருவருடைய லேப்டாப்பில் ஃபோர்ஜெஜோவை ஏற்றி, முழுத் திட்டத்தையும் இறக்கிப் பார்த்து, 47 சரியாக வந்திருக்கிறதா, ஆசிரியை ஒட்டிய படம் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தாலும் அந்தப் படம் எந்த சர்வரிலிருந்து வருகிறது என்று முகவரியைக் கவனியுங்கள். எழுத்து இங்கே வந்துவிட்டு, படத்துக்கான இணைப்பு மட்டும் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருந்தால், படங்களை இறக்கி ரெப்போவுக்குள் வைக்கும் வேலை ஒன்று பாக்கி என்று அர்த்தம்.